மகாராணியின் சின்னச் சுற்று

அவரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு நோயாளியின் கையைக்கூட அவர் பிடித்துப் பார்த்தது கிடையாது. பிடித்ததெல்லாம் பழைய பாத்திரம் கழுவும் இயந்திரங்களின் குடலைத்தான். பகலெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் விண்ணப்பங்களில் குற்றம் கண்டுபிடிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதே வேலையை மனைவியிடம் தொடர்வார். அது முடிந்து மிஞ்சுகிற நேரத்தில் ஏதாவது ஓர் ஓட்டை இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, இந்தக் காலத்தில் எவனுக்கும் எதுவும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்று உள்ளிருந்தே சொல்லிக்கொண்டிருப்பார்.

டாக்டர் பட்டம் கொடுத்தது பழைய இயந்திரப் பிரியர்கள் சங்கம். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்த உறுப்பினர்களையும் ஒரே காருக்குள் அடைத்துவிடலாம். அப்படி அடைத்து, கதவைச் சாத்தி, சாவியைத் தொலைத்துவிட்டால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்பது டாக்டர் மனைவியின் அபிப்பிராயம்.

மனைவி தையல்காரி. மணப்பெண்களுக்கு உடுப்பு தைப்பவள். தெருவின் அந்தப் பக்கம் போகிறவளின் பாவாடை ஓரம் நூலளவு கோணியிருந்தாலும் இந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுவாள், தைத்தவர்களைத் திட்டவும் செய்வாள். வாய் கொஞ்சம் நீளம். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் நேரம் போக மற்ற நேரத்தில் அந்த வாய்க்கு ஓய்வு கிடையாது. ஆனால் தைக்க அவளுக்கு இடம்தான் இல்லை. சாப்பாட்டு மேசைதான் அவள் தொழிற்சாலை. மீட்டர் கணக்கில் வெள்ளைச் சாட்டின் துணியை விரித்து, அளந்து, வெட்டத் தொடங்கும்போது யாருக்காவது பசிக்கும். எல்லாவற்றையும் மடித்து நாற்காலி மேல் அடுக்கிவிட்டுச் சோறு போட வேண்டும்.

இடம் இல்லாமல் இல்லை. வீட்டின் பின்புறம் நல்ல அறை ஒன்று இருக்கிறது. அகலமான ஜன்னல், கண் கூசாத வெளிச்சம், பெரிய மேசை போட்டாலும் சுற்றிவர இடம். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று "இது உன் தையல் ரூம்" என்று டாக்டரே வாயால் சொன்னார். சொன்ன கையோடு முதல் இயந்திரத்தைக் கொண்டுவந்து அதில் வைத்தார். ஒரு வாரத்துக்கு மட்டும் என்றார். இப்போது அங்கே ஐந்து நிற்கின்றன. ஒன்றுக்குக் கதவு இல்லை, ஒன்றுக்கு மோட்டார் இல்லை, இன்னொன்றுக்கு வெளி ஓடு மட்டும்தான் இருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. அதைத்தான் மிகவும் அபூர்வமானது என்கிறார்.

ஆறாவதுதான் மகாராணி. அது அடுக்களையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மேடைக்குக் கீழே நிற்கிறது. வெளிர்ப்பச்சை நிறம், பளபளக்கும் உலோகக் கைப்பிடி, நெற்றியில் ஒரே ஒரு வட்டக் குமிழ். குமிழைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அப்புறம் தண்ணீர் சீறும், அப்புறம் லாரி மேடேறுகிற மாதிரி ஓர் உறுமல். அந்த உறுமலைக் கேட்டால் டாக்டரின் முகம் குழந்தை பிறந்த வீட்டுக்காரர் முகமாகிவிடும்.

"கேட்டியா சத்தத்தை? இப்ப வர்றதெல்லாம் மணிக்கணக்கா முனகிக்கிட்டே கிடக்கும். கடைசில தட்டுல போட்டது போட்டபடி இருக்கும். இவளைப் பாரு, சின்னச் சுற்று போட்டா ஒரு குளியல் குளிக்கிற நேரத்துல முடிச்சுடுவா."

சின்னச் சுற்று, பெரிய சுற்று என்று மகாராணிக்கு இரண்டு உண்டு. பெரிய சுற்றில் முதலில் வெறும் தண்ணீரில் ஓர் அலசல், பிறகு சோப்புத்தூள் போட்டுக் கழுவல், அதற்குமேல் இரண்டு அலசல். சின்னச் சுற்றில் முதல் அலசல் கிடையாது. உள்ளே வருகிற முதல் தண்ணீரிலேயே தூள் கொட்டிக் கழுவத் தொடங்கிவிடும். டாக்டருக்குச் சின்னச் சுற்றுதான் பிடிக்கும். பெரிய சுற்று கையாலாகாதவர்களுக்கு என்பார். புது இயந்திரங்கள் தண்ணீரைத் தாங்களே காய்ச்சிக்கொள்வதையும் அவர் ஒரு குறையாகத்தான் சொல்வார். மகாராணிக்கு அந்தக் கெஞ்சலெல்லாம் வேண்டாம், நேராக வெந்நீர்க் குழாயிலேயே வாயை வைத்துக் குடிக்கிறவள்.

மனைவி இதில் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. முட்டை காய்ந்த தட்டை அப்படியே ஒரு பெட்டிக்குள் வைத்து மூட அவளுக்கு மனசு வராது. முதலில் வெந்நீர்க் குழாயைத் திறப்பாள். தண்ணீரைச் சூடாக்குகிற தொட்டி வீட்டின் மறுகோடியில், குளியலறைக்கு மேலே இருக்கிறது. குழாய் வெளிச்சுவர் ஓரமாக வளைந்து வளைந்து வர வேண்டும். சூடு வருகிறவரை முணுமுணுத்துக்கொண்டே நிற்பாள். வந்ததும் ஒவ்வொரு தட்டாக வழித்து, அலசி, பிறகுதான் மகாராணிக்குள் அடுக்குவாள். கிட்டத்தட்ட கழுவி முடித்ததைக் கழுவப் போடுகிற வேலை.

இதைப் பார்த்தால் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீயே கழுவிட்டா அப்புறம் அவளுக்கு என்ன வேலை? அவளை அவமானப்படுத்தற மாதிரி இருக்கு."

"அவளுக்கு அவமானமாம். நான் இத்தனை வருஷமா மேசையில குந்திக்கிட்டு துணி தைக்கிறேனே, அது யாருக்கு அவமானம்?"

"உனக்கு மிஷினைப் பத்தி என்ன தெரியும்? பேசாம அடுக்கு."

அவர் அந்தக் குழாயைத் திறந்ததே கிடையாது. தண்ணீர் குடித்த டம்ளரைத் தொட்டிக்குள் வைப்பார், அவ்வளவுதான். அவள் எப்போதாவது தன் தங்கை வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்தால் அலமாரியில் பிசுபிசுத்த தட்டுகள் அடுக்கியிருக்கும். கேட்டால் தட்டு சரியில்லை என்பார். இப்போது செய்கிற தட்டுகளில் மண்ணே சரியில்லையாம்.

சண்டை முற்றியது ஒரு சாட்டின் துணியால். அவள் மேசைமேல் விரித்து வைத்திருந்த உடுப்பின் முன்பாகத்தின் மீது டாக்டர் எண்ணெய் சொட்டும் சுழல்கையைக் கொண்டுவந்து வைத்தார். மகாராணியின் அடிவயிற்றில் சுற்றிச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சுகிற அந்த இரும்புக் கைதான். வைத்துவிட்டு, அதன் துளைகளைக் குச்சியால் குத்தவும் ஆரம்பித்துவிட்டார். அவள் உள்ளே வந்து பார்த்தபோது வெள்ளைத் துணியில் கறுப்பு வட்டம் ஒன்று மெதுவாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

அவள் கத்தியதில் அடுத்த தெருவில் இருக்கும் டாக்டரின் தங்கையே ஓடிவந்துவிட்டாள்.

"அண்ணி, என்ன ஆச்சு?"

"உங்க அண்ணனையே கேளு! கல்யாணம் இந்த வாரம். அந்தப் பொண்ணு இந்தக் கறையோடவா போய் நிக்கும்? எனக்கு என் ரூம் வேணும். இப்பவே வேணும். அந்தத் தகரக் குப்பையை எடுத்து வெளியே போடுங்க!"

குப்பை என்ற சொல்லை டாக்டரால் தாங்க முடியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"குப்பையா? சரி. வர்ற ஞாயித்துக்கிழமை சங்கத்துலருந்து வர்றாங்க. அவங்க முன்னாடியே போடறேன். அலசக் கூடாது, தொடக் கூடாது. தட்டை நல்லா அழுக்கு பண்ணி, காயவிட்டு, அப்படியே உள்ளே வைக்கிறேன். சின்னச் சுற்று. ஒரு தட்டுல ஒரு பொட்டு இருந்தாலும் அந்த ரூமை நான் காலி பண்றேன்."

"அஞ்சையுமா?"

"அஞ்சையும். ஆனா பளிச்சுன்னு வந்துச்சுன்னா, உயிரோட இருக்கிற வரைக்கும் அந்த ரூம் பேச்சை நீ எடுக்கக் கூடாது."

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். "நீ கேட்டுக்கிட்டே இல்ல?"

"கேட்டேன் அண்ணி. நானே வந்து தட்டை அழுக்கு பண்றேன். அப்பத்தான் யாரும் குறை சொல்ல முடியாது" என்றாள் அவள். அழுக்கு பண்ணுவதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு, அவள் வீட்டைப் பார்த்தாலே தெரியும்.

சனிக்கிழமையே நாத்தனார் வந்துவிட்டாள். தட்டுகளில் முட்டைக் கருவைப் பூசினாள். மாவைக் கரைத்துத் தடவினாள். பாலை அடிப்பிடிக்கவிட்டு அந்தக் கிண்ணத்தை அப்படியே காயவைத்தாள். கொழுப்பை உருக்கிக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றிக் கவிழ்த்தாள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் நியாயம் பிறழக் கூடாது என்று அவ்வளவு அக்கறை.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் செய்த முதல் காரியம், பொட்டலம் கட்டுகிற பிசின் நாடாவை எடுத்துத் தொட்டிக் குழாயின் இரண்டு திருகுகளையும் சுற்றிச் சுற்றி ஒட்டியதுதான். மனைவி ஒரு தட்டைக்கூட அலசிவிடக் கூடாது, பிறகு யாரும் அதைச் சொல்லிக்காட்டவும் கூடாது. வருகிறவர்களுக்குக் காகிதக் கோப்பை வாங்கி வைத்தார். அடுக்களையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் பார்த்துக்கொண்டார். அன்று நல்ல குளிர் வேறு.

சங்கத்திலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் சங்கத் தலைவர், பேருந்துப் பணிமனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் யாரைப் பார்த்தாலும் தாமதமாக வந்த ஓட்டுநரைப் பார்க்கிற பார்வைதான். மற்றவர் பழைய இயந்திரக் கதவுகளின் ரப்பர் வளையங்களை மட்டும் சேகரிப்பவர். வேறு எந்தப் பாகத்தின் மீதும் அவருக்கு ஆசை கிடையாது. எல்லாரும் அவரை வளையம் என்றே அழைத்தார்கள். அவரும் வந்ததும் வராததுமாக மண்டியிட்டு, மகாராணியின் கதவோரத்தை விரலால் தடவி, "ஒரிஜினல்" என்று பெருமூச்சுவிட்டார்.

டாக்டர் தட்டுகளை அடுக்கினார். தூளைக் கிண்ணியில் கொட்டி மூடினார். "சின்னச் சுற்று" என்று அறிவித்துவிட்டுக் குமிழைத் திருப்பினார். டக். தண்ணீர் சீறியது. உறுமல் தொடங்கியது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மனைவி வாசற்படியில் சாய்ந்து, ஊசி குத்தாமல் விரலில் மாட்டிய உலோகத் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றாள். பயமாகத்தான் இருந்தது. கோபத்தில் ஒத்துக்கொண்டுவிட்டாள். நிஜமாகவே பளிச்சென்று வந்துவிட்டால் அந்த அறை போயே போய்விடும், கண் கெடுகிறவரை சாப்பாட்டு மேசைதான். மகாராணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஏதோ ஒன்று குறைகிறதே என்று பட்டது.

ஆவி இல்லை. மற்ற நாட்களில் மகாராணி உறுமத் தொடங்கியதுமே கதவின் மேல்விளிம்பிலிருந்து ஆவி கசியும், மேலே இருக்கிற ஜன்னல் கண்ணாடி மங்கிப்போகும். இன்று கண்ணாடி துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அவள் மெதுவாகப் போய்க் கதவில் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். நாடா சுற்றிய குழாய் கட்டுப்போட்ட கை மாதிரி நின்றது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் தினமும் குழாயைத் திறந்து, முணுமுணுத்து, வெளிச்சுவர் நெடுக நின்றிருக்கும் பச்சைத் தண்ணீரை ஓடவிட்டு, வெந்நீரை அடுக்களை வரை இழுத்துக்கொண்டு வருகிறாள். அதற்குப் பிறகுதான் மகாராணி குடிக்கிறாள். இன்று யாரும் இழுத்துவரவில்லை. குழாயில் இரவெல்லாம் கிடந்த பச்சைத் தண்ணீரைத்தான் மகாராணி குடித்துவிட்டு உறுமிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷமாக இந்த மனுஷன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய கழுவல் முழுவதும், அவர் கூடாது கூடாது என்று திட்டிய அந்த அலசலில் இருந்து வந்தது.

உண்மையைச் சொன்னால், அவள் வாயைத் திறந்தாள். அறை, பந்தயம் எதுவும் அந்தக் கணத்தில் ஞாபகம் இல்லை. தெரிந்துபோன ஒன்றை உடனே சொல்லிவிட வேண்டும் என்கிற ஆசைதான். "என்னங்க, இங்க பாருங்க..." என்று ஆரம்பித்தாள்.

டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லு. நீ மூச்சு விட்டாலே அவளுக்குக் கறை படிஞ்சிடும்" என்றார். தலைவர் சிரித்தார். வளையமும் சிரித்தார், தலைவர் சிரித்ததால். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். தள்ளியும் நின்றாள்.

உறுமல் ஓய்ந்தது. டாக்டர் திரையை விலக்குகிற மாதிரி ஒயிலாகக் கதவைத் திறந்தார். முட்டைக் கரு நாத்தனார் பூசிய இடத்தில் பூசியபடியே இருந்தது. மாவு இன்னும் கெட்டியாகியிருந்தது. கண்ணாடிக் கோப்பைகளில் கொழுப்பு வெள்ளைத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. சோப்புத்தூள் கிண்ணியில் பாதி கரையாமல் ஈரக்கட்டியாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"வயசாயிடுச்சு இல்லையா" என்றார் தலைவர், பழைய பேருந்து ஒன்றைத் தள்ளிவிடுகிற குரலில். "ஓய்வு கொடுத்துடுங்க டாக்டர்."

"ரப்பர் நல்லாத்தான் இருக்கு" என்றார் வளையம் ஆறுதலாக.

டாக்டருக்கு நாக்கு வந்துவிட்டது. தூள் சரியில்லை என்றார். இந்தக் காலத்துத் தூளில் சத்தே இல்லை, அரசாங்கம் எடுத்துவிட்டது என்றார். தங்கையைப் பார்த்து, முட்டையை யார் இவ்வளவு தடிமனாகப் பூசச் சொன்னது என்று பாய்ந்தார். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு, இனிமேல் உன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று கிளம்பிவிட்டாள். எப்படியோ அந்த ஒரு லாபம்.

மனைவி எல்லாம் அடங்குகிறவரை காத்திருந்தாள். "அப்ப ரூமை எப்ப காலி பண்றீங்க?"

"எந்த ரூம்?" என்றார் டாக்டர். "விளையாட்டுக்குச் சொன்னதையெல்லாம் பிடிச்சுக்கிட்டுத் தொங்காத. வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்காத."

தலைவர் தன் காலணியை ஆராய்ந்தார். வளையம் இன்னொரு முறை கதவோரத்தைத் தடவினார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மூஞ்சிகளுக்கு முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் அவள் நாடாவைப் பிய்த்தெறிந்தாள். காலையிலிருந்து கிடந்த சமையல் பாத்திரங்களை வெந்நீரில் தேய்த்துக் கவிழ்த்தாள். டாக்டர் ஆற்றாமையில், அதே அழுக்குத் தட்டுகளை அதே மாதிரி அடுக்கி, அதே தூளைப் போட்டு, மறுபடியும் குமிழைத் திருப்பினார். கண்ணாடி மங்கியது. ஆவி கசிந்தது. கதவைத் திறந்தால் தட்டுகள் கடையில் வாங்கின மாதிரி மின்னின.

"பார்த்தியா! பார்த்தியா!" என்று வீடே அதிரக் குதித்தார். தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். தலைவர் கொட்டாவி விட்டுவிட்டு, யார் பார்த்தது என்று கேட்டு வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு புது ஆட்டம் ஆரம்பித்தது. ஆட்டுவிப்பது ஒருத்தி, ஆடுவது ஒருவர். டாக்டர் தினமும் அழுக்குத் தட்டுகளை அலசாமல் வைத்துச் சின்னச் சுற்று போட்டார். மானம் போனது சின்னச் சுற்றில், அதிலேயே மீட்க வேண்டுமாம். அவளுக்கு இஷ்டமிருந்தால் அதற்குக் கொஞ்சம் முன்னால் குழாயைத் திறந்து கையைக் கழுவுவாள், சாவகாசமாக. மகாராணி கழுவித் தள்ளும். இஷ்டமில்லாவிட்டால் தன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். மகாராணி முட்டையைக் காப்பாற்றித் திருப்பிக் கொடுக்கும்.

நல்ல மனைவியாக இருந்தால் சொல்லியிருப்பாள்தான். இவள் நல்ல தையல்காரி.

டாக்டரின் மண்டையை அது குடைந்தெடுத்தது. மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று ஒரு கருவி வாங்கிச் செருகினார். தட்டுகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று ஆராய்ந்தார். தூளை வெயிலில் காயவைத்தார். சுழல்கையைக் கழற்றி மாட்டினார். மாட்டிக் கழற்றினார். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மேசைக்கே வந்து நின்றார்.

"நீதான்."

"நானா?"

"நீ எந்நேரமும் அவளைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டே இருக்கே. உன் வயித்தெரிச்சல்தான் அவளைப் பிடிச்சு ஆட்டுது."

படித்த மனுஷன், காப்பீட்டு அலுவலகத்தில் வெள்ளத்துக்கும் தீக்கும் காரணம் எழுதுகிறவர், பாத்திரம் கழுவும் பெட்டிக்கு மனைவியின் கண்ணேறு என்று முடிவு எழுதிவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"காரணம் எனக்குத் தெரியும்."

"உனக்கா?"

"தெரியும். ரூமைக் காலி பண்ணுங்க, சொல்றேன்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரித்து முடிக்கட்டும் என்று ஒரு தையல் போட்டு நூலை அறுத்தாள்.

"நாளைக்குக் கழுவாது. நாளன்னைக்குப் பளிச்சுன்னு கழுவும். அதுக்கு மறுநாள் கழுவாது. பார்த்துக்கோங்க."

அப்படியே நடந்தது. நடக்காமல் எங்கே போகும்? இன்னொரு முறை சொன்னாள், மறுபடியும் அப்படியே நடந்தது. டாக்டரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோனது. சாப்பிடும்போது அவளைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். ஒருநாள் கெஞ்சினார், ஒருநாள் மிரட்டினார், ஒருநாள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிட்டு அரைமணி நேரத்தில் வந்து சாப்பிட்டார். அவள் ஒரே பதிலைச் சொன்னாள். அஞ்சும் வெளியே போகட்டும்.

கடைசியில் அவர் தோற்றார். மனைவி கேட்டதால் அல்ல, வாக்குக் கொடுத்ததால் அல்ல. தனக்குத் தெரியாத ஒன்று இந்த வீட்டில் இன்னொருத்திக்குத் தெரிந்திருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

வளையம் ஒரு வண்டியோடு வந்தார். ஐந்தையும் தன் கிடங்கில் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தார், ரப்பருக்காக. டாக்டர் ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுத்து வழியனுப்பினார். உள்ளே ஒன்றுமே இல்லாத அந்தப் பெட்டி போகும்போது கண் கலங்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பிறந்தகம் போகும்போது அவர் ஒருமுறைகூடக் கண் கலங்கியதில்லை.

அவள் அறையைப் பெருக்கினாள். துடைத்தாள். தரையில் துருப்பிடித்த சதுரங்களைத் தேய்த்து எடுத்தாள். நீளமான மேசை ஒன்றை ஜன்னலோரம் போட்டாள். தையல் மிஷினை உருட்டிக்கொண்டு வந்து வைத்தாள். உட்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் அடிக்கச் சொன்னாள். இதெல்லாம் முடிகிறவரை டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு வாசலிலேயே நின்றார்.

"இப்பவாவது சொல்லு."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த நொடிக்காகத்தான் இவ்வளவு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அந்த முகம் எப்படி விழப் போகிறது என்று பார்க்க வேண்டும். அத்தனை வருஷமும் நீ அலசினது நல்லதுக்குத்தானா என்று அவர் ஒரு தடவை கேட்டால்கூடப் போதும் என்றிருந்தது.

"மிஷினைப் போடறதுக்கு முன்னாடி தொட்டிக் குழாயைத் திறந்து விடுங்க. சூடு வந்ததும் மூடிட்டு, அப்புறம் மிஷினைப் போடுங்க. அவ்வளவுதான்."

டாக்டர் காத்திருந்தார். மேலே ஏதாவது வரும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லை. நான் அலசும்போது குழாய்ல இருக்கிற பச்சைத் தண்ணி போயிடுது. அவளுக்குச் சுடுதண்ணி கிடைக்குது. நான் அலசலைன்னா அவளுக்குப் பச்சைத் தண்ணிதான். வெந்நீர்த் தொட்டி எங்க இருக்கு, அடுக்களை எங்க இருக்கு?"

டாக்டர் முகம் விழவில்லை. முதலில் அதில் ஒரு பரிதாபம் வந்தது, சின்னக் குழந்தை தப்பாகக் கணக்குப் போட்டால் வருமே, அது. பிறகு கோபம் வந்தது.

"நான் கொடுத்திருக்கிறது வெந்நீர் லைன். வெந்நீர் லைன்ல வெந்நீர்தான் வரும். இது உனக்குப் புரியுதா?"

"போட்டுப் பாருங்களேன்."

"இதைப் போட்டு வேற பார்க்கணுமா? உனக்குச் சொல்ல இஷ்டம் இல்லைன்னா இஷ்டம் இல்லைன்னு சொல்லு. பொய் சொல்லாத. இந்த உளறலுக்கா என் அஞ்சு மிஷினையும் அனுப்பினேன்? ஏமாத்திட்டே. என்னை நல்லா ஏமாத்திட்டே!"

காலை உதைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். டக் என்று குமிழ் திரும்புகிற சத்தம் வந்தது. பச்சைத் தண்ணீர் சீறியது.

அவள் புது மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் ஒரு முள் குத்தியது, எதிர்பார்க்காத இடத்தில். ஜெயித்துவிட்டாள், அறை கையில் இருக்கிறது. ஆனாலும் வலித்தது. இயந்திரத்தைப் பற்றியாவது அவள் சொல்வதை அந்தக் காது வாங்கும் என்று நினைத்தது எவ்வளவு பைத்தியக்காரத்தனம். அவள் சொன்னது தப்பு என்று அவர் நினைக்கவில்லை, அவள் சொன்னதால் தப்பு என்று நினைத்தார். இதைப் புரிந்துகொள்ள அவளுக்குத்தான் இவ்வளவு வருஷம் பிடித்திருக்கிறது.

சரி, இனி அந்த ஐந்தும் திரும்பி வராது, ரப்பரைப் பார்த்துவிட்ட வளையம் விட்டுக்கொடுக்கமாட்டார். அவள் எழுந்து சாட்டினைப் பிரித்தாள். மடிக்காமல், தொங்காமல், முழு நீளத்துக்கும் மேசை மேல் கிடத்தினாள். வெளிச்சம் துணி முழுவதும் ஒரே சீராக விழுந்தது. கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

உறுமல் நின்றது. அடுக்களையிலிருந்து ஒரு தட்டு மேடையில் மோதுகிற சத்தம். காலடி நெருங்கியது. அவள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"பாரு! ஒரு தட்டும் உருப்படியா வரலை! நான் சாப்பிட என்ன பண்றது? வந்து கழுவிக் குடு!"

"எனக்கு வேலை இருக்கு. தொட்டி பக்கத்துலதான் இருக்கு, நீங்களே கழுவிக்கோங்க."

வெளியே கதவை இரண்டு தடவை உலுக்கினார். பிறகு காலடி திரும்பிப் போனது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அந்த மனுஷன் அந்தக் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்று கேட்டாள்.

"சே!" என்றார் டாக்டர் அடுக்களையிலிருந்து, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி. "இந்தக் குழாய்ல சூடு வர்றதுக்கு இவ்வளவு நேரமா! என்ன லட்சணத்துல குழாய் போட்டிருக்கான்!"

அவள் மேலும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தண்ணீர் நின்றது. தட்டைத் துடைக்கிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் சாட்டினைக் குறி போட்ட இடத்தில் வெட்ட ஆரம்பித்தாள்.